எல்லாம் மேலே போய்விட்டது என்றார்கள்

1

இந்த வருட ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் எங்கள் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. முதலில் ஆங்கிலம், அடுத்து மலாய், கடைசியில் தமிழ்.

"பூஜையை முன்னிட்டு கம்ப்யூட்டர், சர்வர், மோடம் எதையும் யாரும் அணைக்கக் கூடாது. பொட்டு வைப்பதாக இருந்தால் ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து வைக்கவும். இது ராமையாவுக்கும் பொருந்தும்."

ராமையா நான்தான். பினாங்குக்கு வந்து பாதி ஆயுள் ஓடிவிட்டது. மூன்று மொழியிலும் ஒரே நாளில் என் பெயர் வந்தது இதுதான் முதல் தடவை. ஊரில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்தது. ஆறாம் வகுப்பும் என்னை லேசில் விடவில்லை, இரண்டு வருடம் பிடித்து வைத்திருந்தது. அப்படிப்பட்டவனுக்கு இது பட்டமளிப்பு விழா மாதிரி. படம் எடுத்து ஊரில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பினேன்.

மச்சானுக்கு ஒரு எண்ணம் உண்டு. முன்பு ஒரு தடவை சர்வர் பெட்டி பக்கத்தில் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "எங்க மாப்பிள்ளை பினாங்குல கம்ப்யூட்டர்ல இருக்காரு" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். உண்மை என்னவென்றால் நான் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எனக்கும் அதற்கும் நடுவில் பெருங்காய மூட்டை இருக்கிறது.

அறிவிப்பில் என் பெயர் ஏன் வந்தது என்று மச்சான் கேட்டார். போனில் சொன்னால் நம்ப மாட்டார். பத்திரிகைக்கு எழுதினால் நம்புவார், அச்சில் வந்தால் எல்லாவற்றையும் நம்புகிற ஆள்.

2

வேலை ஜுருவில், மசாலா மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றின் குடோனில். ஜார்ஜ் டவுனில் கடை, சிம்பாங் அம்பாட்டில் பாக்கெட் போடும் இடம், நடுவில் எங்கள் குடோன். நான் ஸ்டோர் பார்க்கிறேன். இந்த நாட்டுக்கு வந்தது ரொட்டிக் கடையில் மாவு பிசைய. இங்கேயே பிறந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டேன். மாவு கையை விட்டது, அவள் விடவில்லை. தங்கிவிட்டேன்.

குடோன் மூலையில் கண்ணாடி அறை ஒன்று உண்டு. மனிதர்களுக்கு விசிறி, அந்த அறைக்கு மட்டும் ஏர்கான். உள்ளே சின்ன பீரோ உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. சர்வர் என்பார்கள். மூன்று இடத்திலும் எந்தச் சரக்கு வந்தாலும் போனாலும் அதற்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் ஒரு மூட்டை மல்லி போனாலும் போகும், அதற்குத் தெரியாமல் போகாது.

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவள் கோகிலா. எங்கள் கம்பெனியின் ஐ.டி. டிபார்ட்மெண்ட் என்றால் அவள் ஒருத்திதான். பிரிண்டர் காகிதத்தை விழுங்கினாலும் கோகிலா, பாஸின் மனைவி பாஸ்வேர்டை மறந்தாலும் கோகிலா. சிம்பாங் அம்பாட்டில் வீடு. புருஷன் லாரி ஓட்டியவர், விபத்துக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

பாஸ் பெயர் தர்மா. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்கு வந்த குடும்பம். பாஸுக்குத் தமிழ் வரும், இங்கிலீஷில் ஏறித்தான் வரும், இறங்கும்போது இந்த ஊர் 'லா' ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு வருடம் முன்பு கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தான். பிரவின். ஆன்லைன் சாஃப்ட்வேர் விற்கிற கம்பெனி. சுவரில் ஒரு படம் காட்டினான். நடுவில் மேகம், சுற்றி நாங்கள், எல்லா அம்புக்குறியும் மேலே பார்த்திருந்தன.

"எல்லாம் மேல போயிடும் சார். பெட்டி வேண்டாம், ரூம் வேண்டாம், ஏர்கான் வேண்டாம். மாசாமாசம் சந்தா மட்டும் கட்டினா போதும்."

ஆள் வேண்டாம் என்று அவன் வாயால் சொல்லவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லோரும் கோகிலாவைப் பார்த்தோம்.

சில மாதங்களில் திரைகள் மாறின. பழையது சாம்பல் நிறம், புதியது பச்சை. "எல்லாம் மேலே போய்விட்டது" என்று பிரவின் ஒரு ராக்கெட் படத்தோடு கடிதம் அனுப்பினான். பாஸ் கோகிலாவைக் கூப்பிட்டு, தீபாவளி முடிந்ததும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அவள் பதில் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கொஞ்சம் கேப்போ. மற்றவர் பேச்சில் காதை நுழைப்பவனுக்கு இங்கே அதுதான் பெயர்.

"பாஸ், திரைதான் புதுசு. சரக்கு விவரம் எல்லாம் இன்னும் நம்ம பெட்டியிலதான் இருக்கு. இங்கேர்ந்துதான் அவங்க எடுத்துக் காட்டுறாங்க. அவங்க இன்னும் எதையும் கொண்டு போகல."

"கோகிலா, உன் வருத்தம் எனக்குப் புரியுது லா."

அவள் கண்ணாடி அறைக்குத் திரும்பிப் போனாள். இப்படிப் பதில் சொல்லிவிட்டால் யார்தான் என்ன பேச முடியும்?

3

எனக்கு எந்த மெஷின் மேலும் நம்பிக்கை கிடையாது. ஊரில் கற்றுக்கொண்டு வந்த ஒரே பாடம் அது.

அறந்தாங்கிப் பக்கம் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அங்கே எலக்ட்ரானிக் தராசு வந்தது. சிவப்பு எழுத்தில் எண் ஓடும். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். கருப்பையா என்று ஒரு விவசாயி மட்டும் நெல் மூட்டையை ஏற்றுவதற்கு முன்னால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தானே ஏறி நிற்பார். எண்ணைப் பார்ப்பார்.

"போன தடவை இருந்த மாதிரிதான் இருக்கேன். சரி, இப்ப மூட்டையை வை."

ஒவ்வொரு தடவையும் இதே கதை. பொங்கல் முடிந்து வந்தபோது எண் கூடியிருந்தது. திருட்டுத் தராசு என்று மில்லையே இரண்டாக்கிவிட்டார். அவர் மனைவி வந்துதான், "மூணு நாளா தின்னதை யாரு கணக்குல வைக்கிறது?" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். நாங்கள் சிரித்தோம். ஆனால் அந்த மில் முதலாளி கருப்பையாவின் மூட்டையில் மட்டும் கை வைக்கவே மாட்டார்.

இங்கேயும் எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. இமிக்ரேஷனில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமா, ஆன்லைனில் நேரம் வாங்க வேண்டும். என் மகள் காவியாதான் போனில் தட்டிக் கொடுப்பாள். பதினேழு வயது. தமிழ் புரியும், பேசும்போது பாதியில் இறங்கி வேறு மொழிக்கு மாறிவிடுவாள்.

"அப்பா, குடும்பப் பேரு கேக்குது."

"நமக்கு ஏது? அப்பா பேரு இருக்கு."

தட்டினாள். அடுத்த வாரம் கவுண்டரில், "பழனிச்சாமி!" என்று கூப்பிட்டார்கள். என் அப்பா போய்ச் சேர்ந்து வெகு காலம். இங்கே அவர் ஏன் வருகிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். காவியாதான் முதுகில் குத்தினாள்.

கவுண்டரில் இருந்த மலாய் அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். லைன் இல்லையாம், மேலே ஏற்றிய கடிதங்கள் எதுவும் தெரியவில்லையாம். காப்பி இருக்கிறதா என்று கேட்டார். நான் பிளாஸ்டிக் பையைத் திறந்தேன். கல்யாணச் சான்றிதழ் முதல் காவியாவின் தடுப்பூசி அட்டை வரை எல்லாவற்றுக்கும் போட்டோஸ்டாட் உண்டு. அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அப்பா, மாலு லா" என்று மகள் காதைக் கடித்தாள். மாலு என்றால் வெட்கக்கேடு. "யாராச்சும் இதையெல்லாம் மீன் வாங்குற பையில தூக்கிட்டு வருவாங்களா?"

வேலை முடிந்தது. ஜெயித்தது நான். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். ஜெயித்ததைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. பையிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

4

போன வருட ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

எங்கள் மில்லில் அன்றைக்கு மோட்டாரை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலைவரை ஒருவரும் தொட மாட்டார்கள். வருடம் முழுக்க உழைத்த பொருளுக்கு ஒரு நாள் ஓய்வு. அந்த வழக்கத்தை அப்படியே ஜுருவுக்குக் கொண்டுவந்தவன் நான். ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை, தராசுக்குச் சந்தனம், தள்ளுவண்டிக்கு வாழைக்கன்று. பாஸுக்கும் பிடிக்கும், சுண்டலுக்காக.

போன வருடம் சாயந்திரம் கோகிலா தாம்பாளத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அது முடிந்தால் அவளும் போய்விடுவாள், பெட்டியும் பழைய இரும்புக்குப் போய்விடும். எனக்கு மனசு கேட்கவில்லை.

"தங்கச்சி, பெட்டிக்கும் பூஜை போட்டுடலாமா?"

"போடுங்கண்ணே. பாவம், அதுக்கும் கடைசி வருஷம்."

"அணைச்சுட்டுத்தானே போடணும்? ஓடிக்கிட்டு இருக்கிற ஆயுதத்துக்கு எப்படிப் பொட்டு வைக்கிறது?"

அவள் கை நின்றது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாம் மேல போயிடுச்சுன்னு சொல்றாங்கதானே அண்ணே. அணைச்சா என்ன ஆகப் போகுது?"

"பாஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடவா?"

"அதோ நிக்கிறாரு. சத்தமா கேளுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

கேட்டேன். பாஸின் வாய் நிறைய சுண்டல். "போலே, போலே" என்றார், மலாயில் தாராளமாகச் செய்யலாம் என்று அர்த்தம். "அது செத்த பெட்டி லா, ராமையா. நல்லா அனுப்பி வை."

கண்ணாடி அறைக்குள் போனோம். எந்தப் பொத்தான், எது முதலில், எது அடுத்து என்று கோகிலா விரலால் காட்டினாள். தொடவில்லை. நான்தான் அழுத்தினேன். உள்ளே இருந்த விசிறிகள் ஒவ்வொன்றாக இறங்கி நின்றன. அந்த அறை இத்தனை வருடமாக எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்று விரலால் பட்டை, நடுவில் குங்குமம். கொஞ்சம் காற்றுப் போகும் ஓட்டைக்குள் போய்விட்டது. அதற்குத்தான் இந்த வருட அறிவிப்பில் அந்த வரி. கோகிலா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"கற்பூரப் புகை அண்ணே" என்றாள். அப்போது நான் இன்னும் கற்பூரமே ஏற்றவில்லை.

அறையைப் பூட்டி, சாவியைச் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தேன். காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

5

மறுநாள் காலை நான் பசியாறக்கூட இல்லை. குடோன் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. தீபாவளி நேரம், முறுக்கு மாவுக்கும் பருப்புக்கும் நாடு முழுக்க ஆர்டர். ஆனால் எந்த லாரியில் எதை ஏற்றுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பச்சைத் திரை எல்லாவற்றிலும் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஜார்ஜ் டவுன் கடையிலும் வட்டம். சிம்பாங் அம்பாட்டிலும் வட்டம்.

பாஸ் பிரவின் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல் ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, மலாய்க்கு இரண்டை அழுத்து, சீனத்துக்கு மூன்றை அழுத்து என்றது. தமிழுக்கு எதை அழுத்துவது என்று நான் கேட்டேன். பாஸ் என்னைப் பார்த்த பார்வையில், என் தொண்டையைத்தான் அழுத்துவார் போல இருந்தது.

கடைசியில் பிரவின் கிடைத்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க சைடு எல்லாம் நல்லா இருக்கு சார். உங்க ஆளுங்க யாராச்சும் எதையாச்சும் தொட்டாங்களா பாருங்க."

பாஸ் மெதுவாகக் கோகிலா பக்கம் திரும்பினார்.

"போறதுக்கு முன்னாடி ஏதாவது பண்ணிட்டியா?"

இத்தனை வருட வேலை ஒரு கேள்வியில் துரோகமாகிப் போனது. இந்தப் பேரோடு வெளியே போனால் பினாங்கில் அவளை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

"நான் எதையும் தொடல பாஸ்" என்றாள். "அணைச்சது ராமையா அண்ணே. அணைக்கச் சொன்னது நீங்க. செத்த பெட்டின்னுதானே சொன்னீங்க? செத்த பெட்டியை அணைச்சா யாருக்கு என்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரஸ்வதியைப் பார்த்தேன்.

"ரூமைத் தொற" என்றார் பாஸ்.

"பாஸ், நல்ல நேரம் இன்னும் வரல."

அவர் இங்கிலீஷில் ஒன்று சொன்னார். நம் பத்திரிகையில் அதைப் போட முடியாது. சாவியை எடுத்தேன். எலுமிச்சம்பழத்தை அவசரமாகச் சுற்றிப் போட்டுவிட்டு, கோகிலா காட்டிய பொத்தானை அழுத்தினேன். பெட்டி கண் விழிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. பிரவின் அதுவரை ஸ்பீக்கரில், பார்த்துக்கொண்டே இருக்கிறோம் சார், பார்த்துக்கொண்டே இருக்கிறோம் சார் என்றான். விளக்குகள் பச்சையாக மாறின. பாஸின் இன்னொரு போனில் ஜார்ஜ் டவுன் கடை கத்தியது.

"வந்துருச்சு பாஸ்! வந்துருச்சு!"

அதே நேரம் ஸ்பீக்கரில் பிரவின்: "சார், எங்க டீம் இப்பத்தான் சரி பண்ணாங்க சார். எங்க சைடுலேர்ந்து."

பாஸ் அசையவில்லை. போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்துவிட்டு, அணை என்று கையால் காட்டினார்.

"சுவிட்ச் வேண்டாம் அண்ணே, பாவம் பெட்டி" என்று கோகிலா கிசுகிசுத்தாள். "அந்த நீல வயரை மட்டும் புடுங்குங்க."

புடுங்கினேன்.

"போச்சு பாஸ்!" என்றது ஜார்ஜ் டவுன்.

"கொஞ்சம் ஏறி இறங்கும் சார், நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றது ஸ்பீக்கர்.

சொருகினேன்.

"வந்துருச்சு!"

"இப்ப பர்மனெண்ட்டா சரி பண்ணிட்டோம் சார்."

பாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிரவின், நீ மேலேர்ந்து எங்களைப் பாக்குறியா?"

"ஆமா சார். எல்லாம் தெரியுது சார்."

"அப்ப இங்க ஒரு ஆளு நெத்தியில பட்டை, கையில ஒரு நீல வயரோட நிக்கிறான். அவனைத் தெரியுதா?"

ஸ்பீக்கரில் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. நெட்வொர்க் பிரச்சினை என்று நினைக்கிறேன்.

6

பாஸ் மன்னிப்பு கேட்கவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் பசியாற வாங்கிக் கொடுத்தார். கோகிலாவின் பொட்டலத்தை மட்டும் தானே கொண்டுபோய் வைத்தார். அவளுக்கு இன்னும் ஒரு வருடம் வேலை என்று காகிதம் வந்தது. அந்த ஒரு வருடத்தில் எல்லாவற்றையும் உண்மையிலேயே மேலே கொண்டுபோக வேண்டும், பிரவின் கம்பெனியை உட்கார வைத்து அவளே பார்த்து முடிக்க வேண்டும். முடித்தால் அவளும் முடிந்தாள்.

நான் யோசனை சொன்னேன். "மெதுவா பண்ணு தங்கச்சி. ஒரு வருஷ வேலையை அஞ்சு வருஷம் இழுக்கத் தெரியாதா? ரொட்டிக் கடையில ஒரே மாவை நான் மத்தியானம் வரைக்கும் பிசைவேன்."

"அப்படிப் பண்ணா பிரவினுக்கும் எனக்கும் என்னா அண்ணே வித்தியாசம்?"

கெட்டிக்காரிதான், ஆனால் பிழைக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர்மலை முருகன் கோயிலில் அவளுக்காகவும் ஒரு சூடம் ஏற்றினேன். வேலை முடியக் கூடாது முருகா என்று வேண்டிக்கொண்ட ஒரே பக்தன் நானாகத்தான் இருப்பேன்.

இந்த வருடப் பூஜை. நான் அறிவிப்பை மதித்து, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டிக்கு ஓட்டை இல்லாத இடத்தில் பொட்டு வைத்தேன். மூன்று இடத்திலும் வேலை நடந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அணைங்க" என்றாள் கோகிலா.

"அறிவிப்புப் போட்டுருக்காங்களே?"

"போட்டது நான்தான். அணைங்க."

பாஸின் கையில் இருந்த சுண்டல் அப்படியே நின்றது. அவள் தலையாட்டினாள், அவரும் தலையாட்டினார். அழுத்தினேன். விசிறிகள் நின்றன. பாஸ் ஜார்ஜ் டவுனுக்குப் போன் போட்டார்.

"எல்லாம் ஓகேயா?"

"ஓகேதான் பாஸ். ஏன், என்னா ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. பச்சைத் திரை பச்சையாகவே இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. இந்தத் தடவை உண்மையிலேயே செத்த பெட்டிக்குப் பொட்டு வைத்திருக்கிறேன், அவள் வேலைக்கும் சேர்த்து.

பாஸ் பெட்டியருகே வந்து, "நாளைக்கு விஜயதசமி. பூஜையில வெச்ச பெட்டியைத் திரும்ப எடுத்து ஓட்டணுமா, வேண்டாமா?" என்றார்.

"எடுக்கணும் பாஸ். தினமும் மேலேர்ந்து ஒரு காப்பி எடுத்து இதுல வெச்சுக்கலாம். அவன் கடையை மூடிட்டுப் போனாலும் நம்ம சரக்கு விவரம் நம்மகிட்ட இருக்கும்."

"காப்பி சரியா இருக்கான்னு யாரு பாக்குறது?"

அது நான்தான் என்று கோகிலாவே எப்படிச் சொல்வாள்? வாய் சும்மா இருக்காத நான் இடையில் புகுந்து கருப்பையா கதையைச் சொன்னேன். துண்டு, தராசு, பொங்கல், மனைவி, எல்லாம். பாஸ் சுண்டல் சிதறச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அந்தக் கிழவன்கிட்ட அவன் முதலாளி திருடவே இல்லையா?" என்று கேட்டார்.

"ஒரு படி நெல் கூட இல்ல பாஸ்."

பெட்டியைப் பார்த்தார். கோகிலாவைப் பார்த்தார். "ஏர்கான் பில்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு ஆன் பண்றப்ப என்னையும் கூப்பிடு. உன் அடுத்த வருஷ வேலைக் காகிதத்தையும் கொண்டு வா, கையெழுத்துப் போடணும்."

அவர் போன பிறகு, ஒரு வருடமாக மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"போன வருஷம் அணைச்சா என்ன ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"சுண்டல் சாப்பிடுங்கண்ணே, ஆறிடப் போகுது."

இப்போது தினமும் காலையில், லாரி வருவதற்கு முன்னால், மேலே இருக்கும் விவரமும் கீழே இருக்கும் காப்பியும் ஒன்றாக இருக்கிறதா என்று பெட்டி ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்த வேலைக்குக் கோகிலா ஒரு பெயர் வைத்திருக்கிறாள். பாஸ் உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி அதுதான்: "கருப்பையா என்ன சொல்றாரு?" கோகிலா திரையைப் பார்த்துச் சொல்வாள்.

அறந்தாங்கிப் பக்கம் அவர் வீட்டார் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். கருப்பையா தினமும் காலையில் மலேசியாவில் துண்டைக் கட்டிக்கொண்டு தராசில் ஏறி நிற்கிறார். இன்று காலையும் ஏறினார். நேற்று இருந்த மாதிரியே இருக்கிறார்.